ஒரு பழைய கிடாரின் பிறந்த ஆண்டு

மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தெரு. அங்கே இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் நீங்களும் உங்கள் அக்காவும் நிற்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அக்காவின் கல்லூரி இசைக்குழுவுக்கு ஒரு பேஸ் கிடார் வேண்டும். இரண்டு ஆண்டுகளாக டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அவள் கைப்பையில் இருக்கிறது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த பழைய கருவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

"ஜப்பான்ல செஞ்சதும்மா. எண்பத்தொண்ணு ஜூன் மாசத்து சரக்கு. நம்பரே சொல்லுது பாரு. அதனாலதான் எட்டாயிரம் ரூபா கூட."

"நம்பர் எப்படிண்ணே சொல்லும்?" என்று கேட்கிறாள் அக்கா.

நல்ல கேள்வி! அந்த எட்டாயிரம் ரூபாய் நியாயமா, இல்லையா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது. கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். அவரைப் பொய்யர் என்று எண்ணவும் வேண்டாம். கருவியையே விசாரிப்போம். மரம், உலோகம், வண்ணப்பூச்சு, ஒட்டுச்சீட்டு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. சாட்சிகளை எப்படி விசாரிப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பேஸ் கிடார் என்பது என்ன?

முதலில் நமது கருவியைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம். சாதாரணக் கிடாரில் ஆறு கம்பிகள் இருக்கும். பேஸ் கிடாரில் பெரும்பாலும் நான்கே கம்பிகள். கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பியோ நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே.

ஒரு கம்பியின் அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமானால் என்ன செய்யலாம்? இழுவிசையை மாற்றாமல் நீளத்தை இரட்டிப்பாக்கலாம். ஆனால் கிடார்க் கம்பியின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். அதை 130 சென்டிமீட்டராக்கினால் வாசிப்பவரின் கை எட்டாது! எனவே நீளத்தைச் சுமார் 86 சென்டிமீட்டரோடு நிறுத்திக் கொண்டு, எஃகுக் கம்பியைச் சுற்றி இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றி அதன் நிறையைக் கூட்டினார்கள். நிறை கூடினால் அதிர்வு மெதுவாகும். பேஸ் கம்பிகள் தடிமனாக இருப்பதன் காரணம் இதுவே.

கம்பிகளின் அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதற்குப் பிக்-அப் என்று பெயர். எஃகுக் கம்பி காந்தத்தின் மேலே அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. இந்தச் சிறிய மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், வயிற்றில் உணரக்கூடிய அந்த ஆழமான ஒலி பிறக்கிறது. 1970களிலிருந்து தமிழ்த் திரைப்பாடல்களில் நீங்கள் கேட்கும் "தும், தும்" என்ற அடிநாதம் பெரும்பாலும் இதனுடையதே.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிடார்தான் இன்றைய வடிவத்துக்கு முன்மாதிரி. அதில் ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: கருவியின் கழுத்தும் உடலும் தனித்தனியே செய்யப்பட்டு, நான்கு திருகாணிகளால் இணைக்கப்பட்டன. இந்த நான்கு திருகாணிகள் பின்னால் நமக்குத் தொல்லை தரப் போகின்றன.

ஜப்பானிலிருந்து சென்னைக்கு

ஜப்பானில் இசைக்கருவித் தொழில் பழைமையானது. ஹமமாட்சு நகரில் டொரகுசு யமஹா 1887இல் ஓர் ஆர்மோனிய வகைக் கருவியைப் பழுது பார்த்ததிலிருந்து யமஹா நிறுவனத்தின் கதை தொடங்குகிறது. நகோயா நகரில் 1908இல் தோன்றிய ஹோஷினோ கக்கி நிறுவனத்தின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அது விற்கும் 'ஐபனேஸ்' கிடார்களைப் பார்த்திருப்பீர்கள். மாட்சுமோட்டோ நகரில் 1960இல் தொடங்கிய ஃபூஜிஜென் தொழிற்சாலை பல நிறுவனங்களுக்காகக் கிடார்களைச் செய்து கொடுத்தது.

1970களில் ஜப்பான் தொழிற்சாலைகள் அமெரிக்க மாதிரிகளைப் பார்த்து அப்படியே செய்தன. ஐபனேஸ் கிடார்களின் தலைப்பகுதி தங்களுடையதைப் போலவே இருக்கிறது என்று 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தக் காலத்திலிருந்து ஜப்பானியர் தங்கள் சொந்த வடிவங்களில் அதிகம் கவனம் செலுத்தினர். எனவே தலைப்பகுதியின் வடிவம்கூட நமக்கு ஒரு சாட்சிதான்.

இந்தக் கருவிகள் சென்னைக்கு எப்படி வந்தன? மேல்நாட்டு இசைக்கருவிகள் இந்நகருக்குப் புதியவை அல்ல. இன்று அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் கடையின் வரலாறு 1842இல் தொடங்குகிறது. ஆனால் 1991க்கு முன்பு நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர், கப்பலில் வேலை செய்பவர், பர்மா பஜார் கடைகள் என்று பல வழிகளில் வெளிநாட்டுப் பொருள்கள் கைமாறின. ரசீது இருக்காது, பெட்டி இருக்காது. "எப்போது வாங்கினீர்கள்?" என்றால், "அப்பா சிங்கப்பூர் போய் வந்த வருஷம்" என்றுதான் விடை வரும்.

ஆனால் வாங்கிய ஆண்டு வேறு. செய்த ஆண்டு வேறு. 1990இல் வாங்கிய கருவி 1979இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். எனவே கருவியிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் சாட்சி: வரிசை எண்

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது வரிசை எண்ணை. அது கருவியின் தலைப்பகுதிக்குப் பின்னாலோ, கழுத்தும் உடலும் சேரும் இடத்திலுள்ள உலோகத் தகட்டிலோ இருக்கும். 1970களின் தொடக்கத்தில் வந்த பல ஜப்பான் கருவிகளில் எண்ணே கிடையாது. எண் உள்ள கருவிகளிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் முறை வேறுபடும்.

ஐபனேஸ் 1975இலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை எளிய முறை ஒன்றைப் பின்பற்றியது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து, அது மாதம். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. கடைசி நான்கு இலக்கங்கள் கருவியின் எண்ணிக்கை. ஆக 'எச் 762345' என்றால் 1976 ஆகஸ்டு மாதத்துக் கருவி. படிக்க எளிது, அல்லவா?

இப்போது நம் மேசைமேல் இருக்கும் கருவியைத் திருப்பிப் பாருங்கள். அதில் 'எஃப் 812345' என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். எஃப் என்பது ஆறாவது எழுத்து, எனவே ஜூன். 81 என்பது ஆண்டு. 1981 ஜூன்! கடைக்காரர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். 1987 முதல் அதே நிறுவனம் முறையை மாற்றியது. புதிய முறையில் எஃப் என்ற எழுத்து மாதத்தைக் குறிப்பதில்லை. ஃபூஜிஜென் தொழிற்சாலையைக் குறிக்கிறது! அதையடுத்து வரும் ஒரே ஓர் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். மீதி ஐந்து இலக்கங்களும் எண்ணிக்கை. இந்த முறையில் அதே 'எஃப் 812345' 1988ஐக் குறிக்கும்.

பழைய முறையிலும் ஓர் எழுத்து, ஆறு இலக்கங்கள். புதிய முறையிலும் ஓர் எழுத்து, ஆறு இலக்கங்கள். பார்வைக்கு வேறுபாடே இல்லை. ஓர் எண், இரண்டு ஆண்டுகள். எதை ஏற்பது?

மீண்டும் மீண்டும் வரும் ஆண்டுகள்

இது விந்தையாகத் தோன்றுகிறதா? நம் வீட்டிலேயே இதுபோன்ற சிக்கல் உண்டு. உங்கள் பாட்டியின் ஜாதகத்தில் "குரோதி ஆண்டு, ஆனி மாதம்" என்று எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜாதகத்திலும் அதே "குரோதி ஆண்டு, ஆனி மாதம்". பாட்டிக்கும் குழந்தைக்கும் ஒரே வயதா? இல்லை. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுப் பெயர்கள் சுழன்று வருகின்றன. 1964 ஏப்ரலில் குரோதி பிறந்தது. 2024 ஏப்ரலில் மீண்டும் பிறந்தது. பாட்டி முதல் குரோதியைச் சேர்ந்தவர். குழந்தை இரண்டாவது குரோதியைச் சேர்ந்தது. முகத்தைப் பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் எழுதும் தொழிற்சாலை, 60 ஆண்டுச் சுழற்சிக்குப் பதிலாகப் பத்து ஆண்டுச் சுழற்சியைப் பின்பற்றுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. யமஹாவின் பல ஜப்பான் கருவிகளில் இது இன்னும் சுவையாக இருக்கும். அங்கே இலக்கத்துக்குப் பதில் எழுத்து வரும். எச் என்றால் 1, ஐ என்றால் 2, ஜே 3, கே 4, எல் 5, எம் 6, என் 7, ஓ 8, பி 9. முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது எழுத்து மாதம். 'கே எம்' என்று தொடங்கினால், நான்கில் முடியும் ஓர் ஆண்டின் ஜூன் மாதம். 1984ஆ, 1994ஆ? எழுத்து சொல்லாது.

நம் முன்னோர் விட்டுச் சென்ற கல்வெட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. "இன்ன அரசருக்கு இத்தனையாவது ஆட்சி ஆண்டு" என்றிருக்கும். ஒரே பெயரில் பல அரசர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் சில கல்வெட்டுகளில் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவையும் சேர்ந்து காணப்படும். குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட திதியும் நட்சத்திரமும் சேர்ந்து வருவது அபூர்வம். சென்னையில் அரசுப் பணியாற்றிய எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை என்ற அறிஞர், பல நூற்றாண்டுகளுக்கான வானியல் கணக்குகளைத் தொகுத்து 1922இல் பெரிய நூல் வரிசையாக வெளியிட்டார். அதன் உதவியால் ஆய்வாளர்கள் எத்தனையோ கல்வெட்டுகளின் நாளைச் சரிபார்த்தனர். ஒரு சாட்சி தடுமாறும்போது இரண்டாவது சாட்சியைக் கூப்பிடு என்பதே அவர்கள் கையாண்ட வழி. நாமும் அதையே செய்வோம்.

இரண்டு எல்லைகள்

மற்ற சாட்சிகளை விசாரிக்கும் முன் ஒரு விதியைத் தெரிந்து கொள்ளுங்கள். பெரும்பாலான சாட்சிகள் "இந்த ஆண்டு" என்று சொல்வதில்லை. "இதற்கு முன்பு அல்ல" என்றோ, "இதற்குப் பின்பு அல்ல" என்றோதான் சொல்லும். முதலாவதைக் கீழ் எல்லை என்போம். இரண்டாவதை மேல் எல்லை என்போம். இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான ஆண்டு ஒளிந்திருக்கிறது.

பழைய கருவிப் பெட்டியின்மேல் ஒரு கடையின் ஒட்டுச்சீட்டு இருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் 600 004' என்று அச்சிட்டிருக்கிறது. 600 004 என்பது மயிலாப்பூரின் அஞ்சல் குறியீட்டு எண். (தியாகராய நகருக்கு 600 017, அடையாற்றுக்கு 600 020.) இந்தியாவில் ஆறு இலக்கக் குறியீடு 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. எனவே அந்தச் சீட்டு 1972க்கு முன்பு அச்சானதாக இருக்க முடியாது. நகரின் ஆங்கிலப் பெயர் 1996இல் சென்னை என மாறியது. எனவே சீட்டு பெரும்பாலும் 1996க்குப் பிற்பட்டதாக இருக்காது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். குறியீட்டு எண் இருந்தால் அது உறுதியான கீழ் எல்லை. ஆனால் குறியீட்டு எண் இல்லாமல் 'மெட்ராஸ்-4' என்று மட்டும் இருந்தால், 1972க்கு முற்பட்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. பழைய பழக்கத்தை விடாமல் பின்னாலும் பலர் அப்படியே எழுதினர். இருப்பது சாட்சி சொல்லும். இல்லாதது சாட்சி சொல்லாது.

இதேபோல, யமஹா நிறுவனத்தின் பழைய பெயர் 'நிப்பான் கக்கி'. 1987இல்தான் அது யமஹா கார்ப்பரேஷன் ஆயிற்று. பழைய பெயர் உள்ள சீட்டு, அந்த ஆண்டையொட்டி ஒரு மேல் எல்லையைத் தருகிறது.

ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஜப்பானில் ஒரு கிளையைத் தொடங்கியது. அந்தக் கருவிகளில் 'ஏ' என்ற எழுத்தோடு ஆறு இலக்கங்கள் கொண்ட எண் வந்தால் அது 1985-86ஆக இருக்கலாம், 1997-98ஆகவும் இருக்கலாம். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். 'மேட் இன் ஜப்பான்' என்றிருந்தால் முன்னது. 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்றிருந்தால் பின்னது. ஒரே ஒரு சொல் 12 ஆண்டு இடைவெளியைத் தீர்த்து வைக்கிறது!

பொய்ச் சாட்சிகள்

சில சாட்சிகளை நம்பினால் ஏமாந்து போவோம். அவற்றையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

துரு: "எவ்வளவு துரு பாருங்கள், எவ்வளவு பழைய கருவி!" என்பார்கள். அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் உப்புத் துகள்கள் மிதக்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் அரிப்பை விரைவுபடுத்துகிறது. கடற்கரை வீட்டில் ஐந்து ஆண்டுகள் இருந்த கருவி, உலர்ந்த ஊரில் இருபது ஆண்டுகள் இருந்த கருவியைவிட அதிகமாகத் துருப்பிடித்திருக்கலாம். துரு இடத்தைச் சொல்கிறதே தவிர, வயதைச் சொல்வதில்லை.

தேய்மானம்: கழுத்தின்மேல் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள் வாசிக்க வாசிக்கத் தேயும். மெல்லிசைக் குழுவில் வாரம் நான்கு கச்சேரி வாசித்த கருவி சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடும். கட்டிலுக்கடியில் உறங்கிய கருவி முப்பது ஆண்டுகளானாலும் புதிது போலிருக்கும். தேய்மானம் உழைப்பைச் சொல்லும். பிறந்த ஆண்டைச் சொல்லாது.

மாற்றப்பட்ட பாகங்கள்: இங்கேதான் அந்த நான்கு திருகாணிகள் வருகின்றன. அவற்றைக் கழற்றி, ஒரு கருவியின் கழுத்தை இன்னொரு கருவியின் உடலில் பொருத்துவது பத்து நிமிட வேலை. எண் பொறித்த தகட்டை மாற்ற அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. அப்படிப்பட்ட கருவிக்கு இரண்டு பிறந்த நாள்கள் இருக்கும்! எனவே எண், கழுத்து, உடல், உள்ளேயுள்ள மின்பாகங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் மாறும் மின்தடை ஒன்று உண்டு. அமெரிக்கத் தயாரிப்பான மின்தடைகளின் முதுகில் ஓர் எண் காணப்படும். '1377618' என்றிருந்தால், 137 என்பது தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. 76 என்பது 1976. 18 என்பது அந்த ஆண்டின் 18ஆவது வாரம். ஜப்பான் பாகங்களில் இந்த முறையை எப்போதும் எதிர்பார்க்க முடியாது. கிடைத்தாலும் அது தருவது கீழ் எல்லை மட்டுமே. மின்தடை பல மாதங்கள் கிடங்கில் கிடந்திருக்கலாம். ஆனால் 1976இல் செய்த பாகத்தை 1975இல் யாரும் பொருத்தியிருக்க முடியாது!

அந்தப் பாகம் பின்னால் மாற்றப்பட்டதா என்பதை எப்படி அறிவது? பற்றவைப்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் பற்றவைத்த இணைப்புகள் ஒரே மாதிரியாக இருக்கும். ஓர் இணைப்பில் மட்டும் ஈயம் திரண்டு குவிந்திருந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வண்ணப்பூச்சை ஆராயப் புறஊதா விளக்கைப் பயன்படுத்துவது உண்டு. பழைய மெருகெண்ணெய்ப் பூச்சு புறஊதா ஒளியில் ஒருவிதமாக ஒளிரும். பின்னால் பூசிய பூச்சு வேறுவிதமாக ஒளிரும். வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும் உடலில், இருட்டறையில் ஒட்டுப்போட்ட இடம் தனியே தெரிந்துவிடும். (புறஊதா விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, பெரியவர்கள் துணையில்லாமல் பயன்படுத்தவும் கூடாது.)

மரத்தின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்ல முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். சில கருவிகளில் முடியும். இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி செய்ததாகக் கருதப்படும் 'மெசையா' என்ற வயலின் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம். அதன் வளையங்களின் அகலங்களை அளந்து, ஆல்ப்ஸ் மலை மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டார்கள். கடைசி வளையம் 1687இல் வளர்ந்தது என்று தெரிந்தது. வயலினில் எழுதியிருந்த ஆண்டு 1716. ஆக, மரம் அந்த ஆண்டை மறுக்கவில்லை. ஆனால் 1716 என்று மெய்ப்பிக்கவும் இல்லை. கீழ் எல்லையின் இயல்பே இதுதான்.

பேஸ் கிடாருக்கு இந்த முறை உதவுவது அரிது. உடலில் சேர்க்கப்படும் மரத்துண்டுகளில் ஒப்பிடுவதற்குப் போதுமான வளையங்கள் இருப்பதில்லை. கழுத்தின்மேல் ஒட்டியுள்ள கரும்பழுப்புப் பலகை பெரும்பாலும் ரோஸ்வுட்; தமிழில் ஈட்டி அல்லது தோதகத்தி என்போம். வெப்பநாட்டு மரமான அதில் ஆண்டு வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. ஆனால் ஒன்று தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உலகெங்கும் கிடார் செய்வதற்குப் பயன்படுகிறது. ஜப்பானில் செய்த கருவியில் நம் மலைக்காட்டு மரம் இருந்தாலும் வியப்பில்லை!

வயதைத் தெரிந்து கொள்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அழிந்து வரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம், பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டை 1992இல் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. அந்த மரத்தாலான கருவியை நாடு விட்டு நாடு கொண்டு செல்ல, அது எப்போது செய்யப்பட்டது என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு

மயிலாப்பூர்க் கடைக்குத் திரும்புவோம். நம் கருவியின் எண் 'எஃப் 812345'. 1981 ஜூன் அல்லது 1988. பெட்டியின் ஒட்டுச்சீட்டு 1972க்கும் 1996க்கும் இடையில் என்கிறது. இரண்டு ஆண்டுகளுமே அதற்குள் அடங்குகின்றன. எனவே சீட்டு பொய் சொல்லவில்லை. ஆனால் உதவவும் இல்லை.

இப்போது கருவியில் எழுதியிருக்கும் மாதிரியின் பெயரைப் படியுங்கள். 'சவுண்ட்கியர்' என்று இருக்கிறது. மெல்லிய உடலும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட இந்த வரிசையை ஐபனேஸ் முதன்முதலில் 1987இல்தான் அறிமுகப்படுத்தியது. அப்படியானால் அது 1981 ஜூனில் செய்யப்பட்டிருக்க முடியுமா? முடியாது. பிறக்காத மாதிரிக்குக் கருவி ஏது?

எஞ்சுவது 1988. 1998ஆக இருக்கலாமே என்ற ஐயம் வரலாம். ஆனால் 1997 முதல் ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களைப் பொறிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனவே அந்த வாயிலும் மூடிவிட்டது. கழுத்தும் உடலும் ஒரே கருவியைச் சேர்ந்தவை, பாகங்கள் மாற்றப்படவில்லை என்பதையும் பார்த்துக் கொண்டால், தீர்ப்பு எழுதலாம்: 1988.

இதே எண் 'மியூசிஷியன்' என்ற மாதிரியில் இருந்தால் தீர்ப்பு தலைகீழாக மாறியிருக்கும். ஏனெனில் அந்த வரிசை 1978இலேயே வந்துவிட்டது. அப்போது கடைக்காரர் சொன்ன 1981 ஜூன்தான் பொருத்தமாக இருக்கும். எண் ஒன்றே, உடன் வரும் சாட்சிதான் வேறு.

ஆக, கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் எண்ணைச் சரியாகத்தான் படித்தார். ஆனால் தவறான அட்டவணையை வைத்துப் படித்தார். நீங்கள் காரணத்தை எடுத்துச் சொன்னால் அவரும் ஒப்புக் கொள்வார். பழைய கருவி என்பதற்காகக் கேட்ட எட்டாயிரத்தை அக்கா கொடுக்க வேண்டியதில்லை. அதே சமயம் ஏழு ஆண்டு இளைய கருவி என்பதால் அதன் ஒலி குறைந்துவிடப் போவதும் இல்லை. கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிரும்! கழுத்து நேராக இருக்கிறதா, ஒவ்வொரு சுரமும் சரியாகப் பேசுகிறதா என்று வாசித்துப் பார்த்து வாங்குவதுதான் அறிவு. வயதுக்குக் கொடுக்கும் விலை வேறு. ஒலிக்குக் கொடுக்கும் விலை வேறு.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பழைய தையல் இயந்திரம், வானொலிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், பித்தளைப் பாத்திரம் ஏதாவது இருக்கும். அதன் வயதைக் கண்டுபிடியுங்கள். ஒரு தாளில் 1950 முதல் இன்று வரை நீளமாக ஒரு கோடு வரைந்து பத்தாண்டுகளாகப் பிரித்துக் கொள்ளுங்கள். கிடைக்கும் சான்று ஒவ்வொன்றும் கீழ் எல்லையா, மேல் எல்லையா என்று கோட்டின்மேல் குறியுங்கள். முகவரியில் மெட்ராஸா, சென்னையா? அஞ்சல் குறியீடு இருக்கிறதா? தொலைபேசி எண்ணுக்கு ஆறு இலக்கமா, ஏழா, எட்டா? ரசீதில் ஜி.எஸ்.டி. இருந்தால் அது 2017 ஜூலைக்குப் பிற்பட்டது. எல்லைகள் நெருங்க நெருங்க, உங்கள் விடை கூர்மையாகும். கடைசியாகத் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு புதிர்: ஒரு யமஹா பேஸ் கிடாரின் எண் 'எல் ஐ' என்று தொடங்குகிறது. அதன் உறையில் 'நிப்பான் கக்கி' என்ற பெயர் இருக்கிறது. அந்த மாதிரி முதன்முதலில் 1982இல் விற்பனைக்கு வந்தது என்று பழைய விலைப்பட்டியல் சொல்கிறது. கருவி எந்த ஆண்டில், எந்த மாதத்தில் செய்யப்பட்டது?

விடை: எல் என்பது 5, ஐ என்பது 2. எனவே ஐந்தில் முடியும் ஓர் ஆண்டின் பிப்ரவரி மாதம். 1982 கீழ் எல்லை என்பதால் 1975 அல்ல. நிறுவனத்தின் பெயர் 1987இல் மாறியதால் 1995ம் அல்ல. ஆகவே 1985 பிப்ரவரி.